பதினேழு ஓம்

ஆனி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வெயில் ஏறியிருந்தது. சோளகக் காற்று அதைவிடப் பலமாக வீசியது. மின்வெட்டு நேரம் என்பதால் காற்றாடி நின்றிருந்தது, அது சுழலத் தேவையும் இருக்கவில்லை. வலயக் கல்விக் கந்தோரின் யன்னல்கள் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. பணிப்பாளரின் மேசைக் கடதாசிகள் பறக்காதபடி ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு பெரிய பூட்டும் பாரமாக வைக்கப்பட்டிருந்தன.

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரைகள். ஒன்றில் எங்கள் ஆசிரியர் சங்கக் கிளையின் தலைவர் பாக்கியநாதன். மற்றதில் நான்.

பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த வருடம். நான் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கிளையின் செயலாளராக முன்பு இருந்தவன் என்பதால் "ஆலோசகர்" என்று ஒரு பெயர் வைத்து என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். ஆலோசனை சொல்ல நான் போகவில்லை. எனக்கு வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது, அதனால் போனேன்.

பயத்தின் காரணம் என் மகள் சுகந்தி.

மூன்று நாள் என்ற கணக்கு

சுகந்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கலியாணமாகி ஒன்பது வருடம். முதலில் தங்கியது மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இது ஐந்தாம் மாதம்.

அவள் படிப்பிப்பது காங்கேசன்துறைக்குக் கிட்ட ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில். நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். இடையில் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். நல்ல காலத்தில் மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். இப்போது அந்த மோட்டார் சைக்கிள் விறாந்தையில் சேலை காயப்போட உதவியது. பலாலி வீதியால் போகும் பஸ்களில் சனம் மிதிபலகையில் தொங்கியது. சைக்கிளும் கூடாது, நெரிபடும் பஸ்ஸும் கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

யுத்த காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டால் போதும், புகை கக்கிக்கொண்டு வவுனியா வரைக்கும் போகும். அதை மருமகனுக்குச் சொன்னேன்.

"மாமா, இந்த எஞ்சின் உதுக்குச் சரிவராது" என்றார். பிறகு, "மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் மாமா" என்றார்.

ஒரேயொரு வழி இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அந்தத் திசைக்குப் போகும் நாலு ரீச்சர்மார் சேர்ந்து ஒரு ஓட்டோ பிடித்திருந்தார்கள். ஓட்டோக்காரருக்குக் கிழமையில் கிடைக்கும் பெற்றோல் மூன்று நாள் போய்வரக் காணும். நாலாம் நாள் தெல்லிப்பழையில் நின்றுவிடும். சங்கம் கேட்ட "கிழமைக்கு மூன்று நாள்" இப்படி வந்த கணக்கு. சோம்பலில் வந்ததல்ல.

சம்பள உயர்வு கேட்கவில்லை. நாட்டின் பெட்டியில் காசில்லை என்பது எங்களுக்கும் தெரியும். சம்பளம் அப்படியே நிற்க, காலைச் சாப்பாட்டுக்கு வாங்கும் ஒரு றாத்தல் பாணின் விலை மூன்று தரம் ஏறியிருந்தது. அதைக்கூடப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்துவிட்டு, தூரத்திலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு நாளை மட்டும் விட்டுத்தரச் சொன்னோம். ஐந்து நாள் என்று கட்டளை வந்தால், வராத நாளுக்குச் சம்பளம் வெட்டு. சுகந்தியின் லீவு எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. வீட்டுக் கடனுக்கு வங்கி அவளுடைய சம்பளத்திலேயே கழித்தது. வெட்டு விழுந்தால் அவள் சைக்கிளில் ஏறிவிடுவாள். அவள் என் மகள், அவளை எனக்குத் தெரியும்.

பாக்கியநாதன் கேட்கும் விதம்

பாக்கியநாதன் மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. யாருடைய பேச்சையும் இடையில் வெட்டமாட்டார். எதிரில் இருப்பவர் பேசும்போது அவருடைய தலை மெல்ல ஆடும், வாய் "ஓம்… ஓம்…" என்று சொல்லிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அந்த ஓமின் பொருள். அதில் சம்மதம் எள்ளளவும் கிடையாது. கடன் கேட்டு வந்தவனுக்கு இருபது ஓம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பிய ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

பணிப்பாளர் மலையகத்தவர், ஹட்டன் பக்கம். வந்து இரண்டு மாதம்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், கறாரான பெண்மணி. முதலில் பாக்கியநாதன் எங்கள் கோரிக்கையை அழகாக எடுத்துச் சொன்னார். பணிப்பாளர் கேட்டுவிட்டுத் தன் குறிப்பை எடுத்தார். கடதாசித் தட்டுப்பாடு. பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

"நான் நினைக்கிறத சொல்றேன் சார். எல்லாப் பாடசாலையும் அஞ்சு நாளும் நடக்கணும்."

"ஓம்."

"கொரோனாவுல பிள்ளைங்க ரெண்டு வருசத்த இழந்துட்டாங்க."

"ஓம், ஓம்."

"தூரத்து ஆசிரியர்கள் பஸ்லயோ சைக்கிள்லயோ எப்படியாவது வந்துடணும்."

"ஓம்…"

"வராத நாளுக்குச் சம்பளம் இல்ல."

"ஓம் மடம்."

இப்படியே போனது. எனக்கு அந்த ஓம் எரிச்சலூட்டும், அதனால் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு ஆனபோது பணிப்பாளரின் தொலைபேசி அடித்தது. வேறெங்கோ அவசரக் கூட்டம். எழும்பியபடியே, "அப்ப சரிதானே சார்?" என்றார்.

"ஓம் மடம், நாங்கள் போட்டு வாறம்" என்றார் பாக்கியநாதன். பதினேழு.

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அவர் சந்தோசமாக இருந்தார்.

"மனுசி நல்ல மாதிரிக் கேட்டவ அண்ணை. ஒரு இடத்திலையும் மாட்டனெண்டு சொல்லேல்லை, பாத்தனீங்களோ?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் தன் பக்கத்தைச் சொன்னார், நாங்கள் எங்கள் பக்கத்தைச் சொன்னோம், இனி யோசித்து முடிவெடுப்பார். எங்கள் காதுக்கு அங்கே எதுவும் முடிவாகவில்லை.

கப்பலில் வந்த சம்பளம்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. இந்தத் தொடரின் போன கிழமை அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்ட ஒரு வாசகர், "மாஸ்ரர், உங்கடை சங்கம் எப்பவாவது வெண்டதோ?" என்று கேட்டார். கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டது.

வென்றிருக்கிறோம். ஆனால் எங்கள் வெற்றிகளை மேடையில் சொல்ல முடியாது. எழுபதுகளின் பாண் வரிசைக் காலத்தில் நான் இளம் வாத்தியார். காலையில் வரிசையில் நிற்கும் ஆசிரியர்களுக்குக் கையெழுத்து வைக்க இருபது நிமிடச் சலுகை கேட்டுப் போனோம். பத்து நிமிடம் தந்தார்கள். பிறகு யுத்தம். பாதை மூடியிருந்த காலத்தில் சம்பளக் காசு கப்பலில் வந்தது. அப்போது நாங்கள் உயர்வு கேட்டுப் பேரம் பேசவில்லை, சம்பளம் வந்து சேர வேண்டும் என்றுதான் பேசினோம். ஒருமுறை நனைந்த தாள்களை வங்கி வாங்க மறுத்தது. ஆசிரியர்கள் அந்தத் தாள்களைப் பள்ளிக்கூட மேசைகளில் பரப்பிக் காயவைத்தார்கள். அப்போதும் சோளகம்தான். ஒவ்வொரு தாளின் மேலும் பாரத்துக்கு ஒரு சுண்ணக்கட்டி. காய்ந்த தாள்களை வங்கி வாங்கும்படி பேசி முடித்தது எங்கள் கிளை.

சின்ன வெற்றிகள்தான். ஆனால் அந்த மாதம் அறுபத்துமூன்று வீடுகளில் அடுப்பு எரிந்தது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

"தொழிற்சங்கத்தின் இணக்கத்துடன்"

புதன்கிழமை பின்னேரம் வட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. சுகந்திதான் முதலில் படித்தாள். படித்துவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, இதென்ன?"

கடிதம் சுருக்கமானது. அடுத்த திங்கள் தொடக்கம் எல்லா ஆசிரியர்களும் ஐந்து நாளும் சமூகமளிக்க வேண்டும். தூரம் ஒரு காரணமாக ஏற்கப்படாது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதற்குக் கீழே: "இம்முடிவு தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் இணக்கத்துடன் எடுக்கப்பட்டது."

நான் மூன்று தரம் வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

"நீங்கள் அங்கை இருந்தனீங்கள்தானே அப்பா?"

"இருந்தனான்."

"ஓமெண்டு சொன்னனீங்களோ?"

"நான் வாயே திறக்கேல்லை பிள்ளை."

அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். கொஞ்சம் கழித்து விறாந்தையில் ஏதோ உருளும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தன்னுடைய பழைய சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்து, ரயரை விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நாற்பது வருசமாச் சங்கம் சங்கமெண்டு திரிஞ்சனீங்கள். இதுக்கொரு வழி பண்ண ஏலாதெண்டால் உந்தச் சங்கத்தை இழுத்து மூடுங்கோ."

அதற்குள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. "உவையள் வித்துப்போட்டினம்" என்று ஒருவர். "எத்தினை லீற்றருக்கு?" என்று இன்னொருவர். பாக்கியநாதனின் பெயரைப் போட்டு அதற்குப் பக்கத்தில் பெற்றோல் பம்பின் படத்தைப் போட்டார் ஒரு விஞ்ஞான ஆசிரியர். அவருக்குக் கலியாணம் பேசி முடித்து வைத்ததே பாக்கியநாதன்தான்.

பாக்கியநாதனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணை, நான் எப்ப ஓமெண்டனான்?"

"நீர் பதினேழு தரம் ஓமெண்டனீர்."

"அது கேட்டுக்கொண்டிருக்கிறனெண்ட ஓம்! மனுசர் கதைக்கேக்கை மரக்கட்டை மாதிரி இருக்கிறதோ?"

"உமக்கும் எனக்கும் அது விளங்குது. ஹட்டனிலை விளங்குமோ?"

மறுமுனையில் மெதுவாகச் சொன்னார்: "ஐயோ, அண்ணை."

மூன்றாவது வரி

வியாழன் காலை எட்டேகாலுக்கே கந்தோர் வாசலில் நின்றோம். இம்முறை ஓட்டோவில் போனோம். பாக்கியநாதன் இரவு நித்திரை கொள்ளாமல் வந்திருந்தார். சைக்கிள் ஓட்ட விட எனக்கு மனம் வரவில்லை. கறுப்புச் சந்தைப் பெற்றோல் என்பதால் ஓட்டோக்காரர் கேட்ட கூலியை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கும்.

பணிப்பாளர் எங்களை இருத்திக் கேட்டார். முகம் இறுகியிருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டு உறுப்பினர்களுக்குப் பயந்து பின்வாங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"நானேதான் எழுதினேன் சார். ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினேன். சார் ஒவ்வொண்ணுக்கும் ஆமான்னு சொன்னாரு. பதினாலு தடவையாவது சொல்லியிருப்பாரு."

"பதினேழு, மடம்" என்றது என் வாய்.

பாக்கியநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

வேறு வழியில்லாமல் நான் விளக்கினேன். இங்கே ஓம் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காதின் ஓம், மற்றது வாயின் ஓம். முதலாவது, கேட்கிறேன் என்பது. சம்மதம் என்றால் ஓம் என்பதோடு நிறுத்தமாட்டோம். "ஓம், அப்பிடியே செய்வம்" என்று வால் வைத்துச் சொல்வோம். வால் இல்லாத ஓமை நம்பி இங்கே யாரும் பத்து ரூபாய்கூடக் கொடுக்கமாட்டார்கள். நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது ஒரு கள்ளனின் வாக்குமூலம் போலக் கேட்டது.

பணிப்பாளர் பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்தார்.

"சரி. விட்டுடலாம். வேற ஒரு சுற்றறிக்கை இருக்கு. வந்ததுக்கு அதையாவது கேட்டுட்டுப் போங்க. தலைவர் சார், கவனமா கேளுங்க."

பாக்கியநாதன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு, பாடசாலை காலை ஏழரைக்கு ஆரம்பிக்கணும்."

"ஓம்."

"ரெண்டு, மின்வெட்டு நேரத்துல மணியக் கையால அடிக்கணும்."

"ஓம், ஓம்."

"மூணு, சங்கத் தலைவர் தன்னோட சைக்கிள இந்த அலுவலகத்துக்கு இனாமா எழுதிக் குடுக்கணும்."

"ஓம் மடம்."

யன்னல் ஒருமுறை அடித்தது. பணிப்பாளர் கடதாசியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பாக்கியநாதனின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"என்ன? என்ரை சைக்கிளோ?"

அந்த வருடம் சைக்கிள் விலை உங்களுக்கு நினைவிருக்கும். வங்கியில் வைத்திருக்கும் நகையை எழுதித் தா என்று கேட்டதற்குச் சமம்.

பணிப்பாளர் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அடுத்த அறையிலிருந்து ஒரு லிகிதர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"ஐயோ சார்! எங்க ஊர்ல இதுக்கு 'ம்'னு சொல்லுவோம். ஆமான்னா ஆமாதான். ரெண்டு மாசமா இங்க எல்லாரும் எனக்கு ஓம் ஓம்னு சொல்றாங்க. எல்லாரும் சம்மதிச்சுட்டாங்கன்னு சந்தோசமா இருந்தேன்." சிரிப்பு அடங்கியதும் ஏதோ நினைவுக்கு வந்தது போல முகம் மாறியது. "அப்ப அந்த அதிபர்கள் கூட்டத்துல…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

கடிதத்தின் மூலப்பிரதியை எடுத்து, "இணக்கத்துடன்" என்ற சொல்லில் தொடங்கி அந்த வரி முழுவதையும் வெட்டினார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாதிதான்.

பேரம்

வரியை வெட்டியதால் மூன்று நாள் கிடைத்துவிடவில்லை. அதை அவரே சொன்னார்.

"தப்பா எழுதினது நான். திருத்திட்டேன். ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. தூரத்து ஆசிரியர் வராத ரெண்டு நாளும் வகுப்புல யாரு நிக்கிறது? பிள்ளைங்கள சும்மா உட்கார வைக்க என்னால முடியாது. அதுக்கு வழி சொல்லுங்க. கையெழுத்து வைக்கிறேன்."

நியாயமான கேள்வி. நாங்கள் எங்கள் பெற்றோலை மட்டும் கணக்குப் பார்த்திருந்தோம். வகுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் பேசினோம். அதுதான் உண்மையான பேச்சுவார்த்தை. சீனியில்லாத தேத்தண்ணீர் வந்தது. வகுப்புகளைச் சேர்க்கலாமா என்றார் பாக்கியநாதன். முடியாது என்றார் பணிப்பாளர். சனிக்கிழமை ஈடு செய்கிறோம் என்றார் இவர். சனிக்கிழமைக்கு மட்டும் பெற்றோல் எங்கிருந்து வரும் என்றார் அவர். இணங்காவிட்டால் எல்லாரும் சுகவீன லீவு போடுவார்கள் என்று சொல்லிப் பார்க்கும்படி நான் கண்ணைக் காட்டினேன். பாக்கியநாதன் அப்படி மிரட்டும் ஆள் அல்ல. அதற்குப் பதிலாக ஒன்று சொன்னார்.

"மடம், எங்கடை சங்கத்திலை ஓய்வெடுத்த ஆக்கள் கனபேர் சும்மா இருக்கினம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவும் மூண்டு நாலு பேர். நடந்து வரலாம். அந்த ரெண்டு நாளும் அவை நிண்டால்?"

பணிப்பாளர் எழுதத் தொடங்கினார். எழுதியதை வாசித்தார். பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று நாள். மீதி இரண்டு நாளும் வீட்டிலிருந்து கொப்பி திருத்த வேண்டும். சம்பளத்தில் வெட்டு இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததோடு நான் அங்கே இல்லை. திங்கள், செவ்வாய், வியாழன் ஓட்டோ. புதனும் வெள்ளியும் சுகந்தி வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பாள். பிரசவம் வரைக்கும் இன்னும் எத்தனை கிழமை, அதில் எத்தனை பயணம் மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ தூரத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். என் தலையும் ஆடியிருக்க வேண்டும்.

"…திருநெல்வேலிப் பாடசாலையில, சாவகச்சேரிப் பக்கத்திலருந்து வர்ற ஆசிரியர்கள் இல்லாத நாட்கள்ல, ஏழாம் வகுப்புக் கணிதம், ஆலோசகர் சார்."

"ஓம், ஓம்" என்றேன் நான்.

பணிப்பாளர் கடதாசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். பாக்கியநாதனின் முகத்தில் புதன்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக வெளிச்சம் வந்தது.

"எழுதுங்கோ மடம். அண்ணை கணக்கு வாத்தியார். அவர் எண்ணிப் பாத்துத்தான் ஓமெண்டிறவர்."

வீட்டில்

சுகந்தி விறாந்தைக் கதிரையில் இருந்தாள். சைக்கிள் பக்கத்தில் நின்றது. ரியூப்புக்குக் காற்று அடித்திருந்தாள்.

"என்னப்பா?"

"மூண்டு நாள்."

"வெட்டு?"

"இல்லை."

அவள் எழும்பிப் போய்க் கைகழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு இருந்தாள். ஒரு மாதமாகக் கோழி கொத்துவது போலச் சாப்பிட்டவள், அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினாள். என் மனைவி கறிச்சட்டியை மேசைக்கே கொண்டுவந்து வைத்தாள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சாப்பிடக் கூப்பிட யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கும் பசிக்கவில்லை.

பிறகுதான் ஏழாம் வகுப்பு விசயத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு" என்றாள் மனைவி. "கரும்பலகைக்கு முன்னாலை விழுந்தால் ஆர் தூக்கிறது?"

"பிள்ளையள் தூக்குங்கள்."

"காலையிலை சாப்பிடாமல் வாற பிள்ளையளோ?"

அவள் சொன்னது சரி. முதல் கிழமையிலேயே ஒரு பெண்பிள்ளை பின்னக் கணக்கின் நடுவில் மேசையில் சரிந்தாள். வீட்டில் அன்று ஒன்றும் இல்லை. அதன்பின் நான் வெறுங்கையோடு வகுப்புக்குப் போகவில்லை.

பதினொரு கிழமை படிப்பித்தேன். பெற்றோல் பங்கீடு சீரானதும் எல்லாரும் ஐந்து நாளுக்குத் திரும்பினார்கள். பாக்கியநாதனை மறுவருடமும் தலைவராகத் தெரிவு செய்தார்கள். பெற்றோல் பம்பின் படம் போட்ட அதே விஞ்ஞான ஆசிரியர்தான் முன்மொழிந்தார். பேத்தி ஐப்பசி மழை நாளொன்றில் பிறந்தாள். இரண்டு கிலோ தொளாயிரம் கிராம், கை கால் விரல்கள் இருபது.

இனிச் செலவு. வியாழக்கிழமை ஓட்டோ இரண்டாயிரத்து ஐந்நூறு. கரும்பலகை தெரியவில்லை என்பதால் மாற்றிய கண்ணாடி ஒன்பதாயிரத்து எண்ணூறு. பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி இல்லை, நாலு பெட்டி ஆயிரத்து நானூறு. தொண்டைக்குக் கற்கண்டு நானூற்று இருபது. பிள்ளைகளுக்குக் கொண்டுபோன பணிஸ் அறுபத்திரண்டு, தொண்ணூறு ரூபாய்ப்படி ஐயாயிரத்து ஐந்நூற்று எண்பது. மொத்தம் பத்தொன்பதாயிரத்து எழுநூறு. சங்கம் தேத்தண்ணீர்ச் செலவு என்று ஐந்நூறு தந்தது. மருமகன் மீதியைத் தர வந்தார், நான் வாங்கவில்லை.

என் கையிலிருந்து போனது பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.